வளர்ந்துகொண்டிருந்த சட்டை

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எதுவும் சொல்லாதே. என்ன நிறம், யார் சாடை, எதுவும் வேணாம்."

"சரிம்மா."

"நானா கேட்டாத்தான் சொல்லணும். நான் அழுதாலும் சொல்லக்கூடாது. உங்க அம்மா கேட்டாலும் எங்க அம்மா கேட்டாலும் சொல்லக்கூடாது. எனக்குத் தெரியாதது வேற யாருக்கும் தெரிய வேணாம்."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி என் கணவரிடம் நான் வாங்கிய சத்தியம் அது. அவசர அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "கொஞ்ச நேரம் வெச்சிருக்கோம், பாக்கறீங்களா?" என்று நர்ஸ் மெதுவாகக் கேட்டார். நான் திரும்பவே இல்லை. என் கணவர் மட்டும் போனார். திரும்பி வந்தபோது அவர் சட்டை வலது முழங்கை மடிப்பில் மட்டும் கசங்கியிருந்தது. பெண் குழந்தை என்பதும் அந்தக் கசங்கலும்தான் என் மகளைப் பற்றி எனக்குத் தெரிந்தவை.

வீட்டில் நாங்கள் வா, போ. நாலு பேர் முன்னால் வாங்க, போங்க. அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. நான் கட்டட வரைபடம் போடுகிறவள். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதில் ஆரம்பித்து அவரோடு எதற்கும் சண்டை போடுவேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை போட அவர் இடமே தரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்த நர்ஸ் ஒரு தையல்கடையின் போன் நம்பரைக் கொடுத்தார். "தைக்கக் கொடுக்க இல்ல. போய் சும்மா உக்காந்துட்டு வாங்க" என்றார்.

கடைக்காரியை எல்லோரும் ஊசியக்கா என்பார்கள். அவருக்கும் ஒரு பையன் பிறந்து, அழாமலே போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் அங்கே கூடுவோம். பிறக்கும்போதே இல்லாமல் போகிற குழந்தைகளுக்கு, காலத்துக்கு முன்பே வந்துவிட்ட பொடிசுகளுக்கு, எந்தக் கடையிலும் அளவுச் சட்டை கிடைக்காது. அதைத்தான் நாங்கள் தைத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுப்போம். கை வேலை செய்துகொண்டிருந்தால் வாய் தானாகப் பேசும் என்பது ஊசியக்காவின் கணக்கு. பெண்கள் தைப்போம். பஸ் ஓட்டுகிற ஒருவர், எங்களுக்கெல்லாம் டிரைவர் அண்ணன், இஸ்திரி போடுவார். என் கணவர் பொத்தான் தைப்பார். கண்ணாடி ஸ்குரூ முடுக்கிப் பழகிய விரல்கள், கடுகளவு பொத்தானும் நழுவாது.

அங்கே ஒவ்வொருவரும் தங்கள் குழந்தை எப்படி இருந்தது என்று சொல்வார்கள். அதே விவரத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

"எல்லாம் அவங்கம்மா மாதிரி லட்சணம். மூக்கு மட்டும் என் மூக்கு, பாவம்" என்பார் டிரைவர் அண்ணன்.

"அந்த மூக்குக்கு தனி டிக்கெட் எடுக்கணுமே அண்ணே" என்று ஊசியக்கா சொல்ல, எல்லோரும் சிரிப்போம். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார்.

எங்கள் முறை வரும்போது என் கணவர் என்னைப் பார்ப்பார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பேன். அவர் அடுத்த பொத்தானை எடுப்பார்.

முதன்முதலில் தைக்கிற சட்டையை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க ஊசியக்கா விடமாட்டார். "இது உங்க பிள்ளைக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. மத்ததெல்லாம் ஊருக்கு" என்பார். என்னுடையதை நான் வயிற்றுப் பிள்ளையோடு போட்டுக்கொண்டிருந்த மஞ்சள் பூப்போட்ட நைட்டியில் வெட்டினேன். துணி வெட்ட அங்கே இருக்கிற அட்டை அளவுகளிலேயே சின்னதை எடுத்தேன். தைத்து முடித்தபோது அது என் உள்ளங்கையில் அடங்கியது. இடது கை மூட்டுகிற இடத்தில் தையல் கோணிக்கொண்டு போயிருந்தது.

"வீடு கட்டச் சொன்னா நேரா கோடு போடறே. ஒரு கைக்குழி வரலியேம்மா உனக்கு" என்றார் ஊசியக்கா. பிரிக்க மனமில்லாமல் அப்படியே விட்டேன். என் கணவர் முதுகுப்பக்கம் வெள்ளைப் பொத்தான் தைத்துக் கொடுத்தார். பீரோவின் கீழ்த்தட்டில், போர்வைகளுக்கு நடுவில் அதை வைத்தேன். மிச்ச நைட்டியை வீட்டில் வைத்திருக்கப் பிடிக்காமல் குப்பையில் போட்டுவிட்டேன்.

மழைக்காலம் வந்து போர்வை எடுக்கும்போது சட்டை கைக்குத் தட்டுப்பட்டது. உள்ளங்கையில் வைத்தேன். விரல்களைத் தாண்டித் தொங்கியது.

துணி தொய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை பார்த்தபோது அப்படி நினைக்க முடியவில்லை. பிறந்த குழந்தைக்குச் சரியாக இருக்கிற அளவு. அதற்கும் அடுத்த முறை, உட்காரத் தெரிந்த குழந்தையின் அளவு. என் வேலையே அளவு. ஸ்கேலை வைத்துப் பார்க்கவே எனக்குக் கை வரவில்லை.

பிறகு புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தேன். இது அவர் வேலை. எங்கேயோ அதே துணியைத் தேடிப் பிடித்து, குழந்தை இருந்தால் எவ்வளவு வளர்ந்திருக்குமோ அவ்வளவுக்கு ஒவ்வொரு சட்டையாகத் தைக்கக் கொடுத்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறார். வாய்விட்டுப் பேச வழியில்லாத மனிதர், வேறு என்னதான் செய்வார்? எனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டால் நிறுத்திவிடுவார். அவர் குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்துத் தட்டை இழுப்பேன். அந்த நாட்களில் அவர் மேல் எனக்கிருந்த பிரியம், கல்யாணமான புதிதில்கூட இருந்ததில்லை.

ஆனால் சில விஷயங்கள் உதைத்தன. ஒருநாள் கழுத்துப் பட்டி ஈரமாக இருந்தது, பல் முளைக்கிற குழந்தை வாயில் வைத்துக் கடித்தது போல. இன்னொரு நாள் முன்பக்கம் வயிற்று மட்டத்தில் தரை அழுக்கு. எங்கள் வீட்டுத் தரை அழுக்குதான். ஜன்னலோரம் படிகிற அதே செம்மண் தூசு. ஒரு காலை தட்டை இழுத்தபோது போர்வைகள் சில்லென்று இருந்தன. சட்டை மட்டும் அப்போதுதான் உடம்பிலிருந்து கழற்றியது போல வெதுவெதுப்பாக இருந்தது.

'பாவம், அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்' என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். அவர் கடைக்குப் போய் வெகு நேரமாகியிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை தையல்கடையில் லைனிங் துணி தேடி, அளவு பார்க்கிற சின்ன அறைக்குள் போனேன். திரைக்கு அந்தப் பக்கம் இஸ்திரி மேஜை. டிரைவர் அண்ணனும் என் கணவரும் மட்டும் இருந்தார்கள். நான் உள்ளே இருப்பது தெரியாது.

"வீட்ல எப்படி இருக்காங்க?" என்றார் அண்ணன்.

"பரவால்லண்ணே. அந்த மஞ்சச் சட்டையை மட்டும் விட மாட்டேங்கறா. கொஞ்சங் கொஞ்சமா பெருசா தைச்சு வெச்சுக்கிட்டே இருக்கா. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. நானும் கேக்கறதில்ல. அதுல அவளுக்கு ஒரு ஆறுதல்னா இருந்துட்டுப் போகட்டும்."

என் கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது. சத்தம் வரவில்லை.

"நீ எப்படிப்பா இருக்கே? அதைச் சொல்லு."

இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது.

"எனக்கு வேற பயம்ணே. நான் ஒருத்தன்தான் பொண்ணு முகத்தைப் பாத்தது. யார்கிட்டயும் சொன்னதில்ல. தினம் கடையில எத்தனை முகம் பாக்கறேன், எல்லார் கண்ணையும் உத்து உத்துப் பாக்கறேன். அதுல இது கலைஞ்சுகிட்டே போகுது. மொதல்ல புருவம் போச்சு. இப்ப வாய் எப்படி இருந்துதுன்னு யோசிக்க வேண்டியிருக்கு. எனக்கும் மறந்துட்டா அப்புறம் அவ எங்கண்ணே இருப்பா?"

"சொல்லிடேன் வீட்ல."

"அவ கேக்கணும்ணே. கேட்டாத்தான் சொல்லணும்னு பேச்சு."

"நல்ல பேச்சுடா உங்க பேச்சு" என்றார் அண்ணன். "எங்க டிப்போவுல பிரேக் பிடிக்காத வண்டியைக் கூட இவ்வளவு நாள் ஓட்ட மாட்டோம்."

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு வந்தார். நான் அந்த முழங்கை மடிப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கதவைத் திறந்ததும் நேராகப் பீரோவுக்குப் போனேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே தட்டை இழுத்து, சட்டையை எடுத்துக் கட்டிலின் மேல் விரித்தேன். சாயங்கால வெயில் கட்டில் முழுக்க இருந்தது. நிற்கத் தொடங்குகிற குழந்தைக்கு அது அளவாக இருக்கும். இன்னும் கொஞ்ச நாளில் நடந்துவிடும்.

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இதைத் தைச்சது நான் இல்ல" என்றேன்.

"பரவால்லம்மா. நான் ஒண்ணும் தப்பா..."

"நான் இல்லைன்னு சொல்றேன். நீதான்னு இவ்வளவு நாளா நினைச்சிருந்தேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "எனக்குப் பொத்தான் தைக்க மட்டுந்தானே தெரியும்?" என்றார் மெதுவாக.

கட்டிலின் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். இருவரும் குனிந்து பார்த்தோம். மஞ்சள் துணியில் பூக்கள் பெரிதாகவில்லை, எண்ணிக்கைதான் கூடியிருந்தது. நான் குப்பையில் போட்ட துணியில் இருந்த அதே பூக்கள். இடது கைக்குழியில் தையல் கோணிக்கொண்டு போயிருந்தது. என் கோணல், அதே இடத்தில், அதே திருப்பத்தில். இன்னொருத்தி தைத்தால் அப்படி வராது. நானே இன்னொரு முறை தைத்தாலும் வராது. அவர் சட்டையைப் புரட்டி முதுகுப் பொத்தானை விரலால் தொட்டார். நூலை இரண்டு சுற்று சுற்றி அடியில் முடிகிற அவருடைய முடிச்சு.

"இது நான் தைச்ச பொத்தான்" என்றார். "மாத்தவே இல்ல. இது அதே சட்டைதான்."

பக்கத்து அறையில் ஏதோ தரையில் தட்டியது போல இருந்தது. இருவரும் நிமிர்ந்தோம். ஜன்னல் கதவு காற்றில் ஆடிய சத்தமாக இருக்கலாம். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் கிளம்பியிருந்தோம். எழுந்துபோய்ப் பார்க்க இருவருக்குமே மனம் வரவில்லை. பயத்தினால் அல்ல. போய்ப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டால்?

அவர் விரல் பொத்தானிலேயே நின்றது. "இரு" என்றார்.

பொத்தான் ஓட்டையில் ஏதோ சிக்கியிருந்தது. கடையில் பொடி ஸ்குரூவைக் கழற்றுவது போல, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகத்தால் அதை வெளியே எடுத்தார். ஒற்றை முடி. மெல்லிசு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நீட்டினார். விட்டதும் சுருண்டுகொண்டது. இன்னொரு முறை நீட்டினார். மறுபடியும் சுருண்டது, நூல்கண்டு போல இறுக்கமாக.

என் முடி கோடு போட்ட மாதிரி நேர்முடி. அவருக்கும் அப்படித்தான். எங்கள் இரண்டு குடும்பத்திலும் சுருட்டை முடி யாருக்கும் கிடையாது.

"இது யாரோடது?" என்றேன்.

அவர் முகம் மாறியது. பயந்த முகம் இல்லை. கூட்டத்தில் தொலைத்த ஒருவரைத் தூரத்தில் கண்டுகொண்டவரின் முகம். எதிரே இருந்த எதையும் பார்க்காமல், எங்கேயோ ஒரு அறையில், தன் வலது கை மடிப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். கலைந்துபோன புருவமும் வாயும் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதை நான் அவர் கண்ணில் பார்த்தேன்.

வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். உதட்டை உள்ளே மடித்து, பல்லால் கவ்விக்கொண்டார். இந்த நிலையிலும் எனக்குக் கொடுத்த சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தார், பாவி மனிதர்.

எனக்குள் எப்போதும் இருந்த பயம் ஒன்றுதான். அவளுக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டால், அந்த முகம் செத்ததாகிவிடும். முகம் இல்லாதவரை எதுவும் நடக்கவில்லை. ஆனால் அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. உட்கார்ந்திருக்கிறாள், பல் முளைத்திருக்கிறது, எங்கள் தரையில் தவழ்ந்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நாளில் நடந்துவிடுவாள். அப்புறம் இந்தச் சட்டை பீரோவில் இருக்குமா என்று யார் சொல்ல முடியும்? அவள் அம்மாவுக்கு மட்டும் அவளைத் தெரியாது.

சட்டையைக் கையில் எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அதை அவருடைய வலது முழங்கை மடிப்பில் வைத்தேன். அவர் கை தானாக வளைந்து வாங்கிக்கொண்டது, எத்தனையோ நாள் பழகிய கை போல. பக்கத்து அறையில் அந்தச் சத்தம் நின்றிருந்தது. வீடே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது போல இருந்தது.

சுவரைப் பார்க்காமல், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"கேக்கறேன். நீ மட்டும் பாத்தியே, நம்ம பொண்ணு, அவ எப்படி இருந்தா? தலைமுடியிலேர்ந்து சொல்லு."