அப்பா நடத்திய குடும்ப ஜெபம்

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் மாலை டியூட்டி என்று தெரிந்ததும் லிஃப்ட் மெக்கானிக் மிரண்டுபோனார். சமையல் அவருக்குக் கைவந்த வேலை. பிள்ளைகளைப் படிக்க உட்கார வைப்பதும் பெரிய விஷயமில்லை. ஏழு மணிக் குடும்ப ஜெபம்தான் சிக்கல். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக அதை நடத்துவது அவள்தான். அவர் பங்கு, கடைசியில் ஓர் "ஆமென்."

"எனக்கு வாய் வராதும்மா. எழுதிக் குடுத்துட்டுப் போயேன்."

"ஆண்டவருக்கு லீவு லெட்டரா எழுதப்போறோம்? மனசுல இருக்கிறதப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு அவள் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மனசில் இருப்பதை எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. சர்ச்சில் காதில் விழுந்து தங்கிப்போன வாசகங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, ஒரே மூச்சில் ஒப்பித்தார். சின்னவனுக்கு ஆறு வயது. கண்ணை மூடினால் அப்படியே தூங்கிவிடுவான். மூத்தவளுக்குப் பதினொன்று. எதிலும் பிழை கண்டுபிடிப்பதால் வீட்டில் அவளுக்கு "டீச்சர்" என்று பெயர்.

"அப்பா, நேத்தும் இதேதான் சொன்னீங்க. ஒரு வார்த்தகூட மாறல."

"நேத்து கேட்ட அதே ஆண்டவர்தானம்மா இன்னைக்கும் கேக்கறாரு" என்று சமாளித்தார்.

மூன்றாவது வாரத்தில் அந்தச் சம்பவம் நடந்தது. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு நிறைமாத கர்ப்பிணி. மெக்கானிக் போய் அவளை வெளியே கொண்டுவர ஒன்றரை மணி நேரம் ஆனது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், வெளியே வந்த பிறகும் அவர் கையை விடாமல் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காரணம் நான்காம் மாடி லிஃப்ட் கதவின் பூட்டு. அது சரியாக விழாவிட்டால் லிஃப்ட் ஓடாது. போன வாரம் அவரும், எல்லாரும் "மீசை" என்று கூப்பிடும் சக மெக்கானிக்கும் சேர்ந்துதான் அங்கே பராமரிப்புக்குப் போனார்கள். இருவரும் ஒரே வயது, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தப் பூட்டைப் பார்க்க வேண்டியவர் மெக்கானிக். பசி அவசரத்தில் திறந்துகூடப் பார்க்காமல், "சரிபார்த்தது" என்று படிவத்தில் குறி போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்.

"யாருய்யா பாத்தது அந்தப் பூட்ட?" என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார். மீசை அன்றைக்குப் பல் பிடுங்க லீவு.

"மீசைதான் சார்." நினைப்பதற்கு முன்பே வார்த்தை வெளியே வந்துவிட்டது.

சாயங்காலம் ஏழு மணி. பாட்டு முடிந்தது. டீச்சர் வேதத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்தாள். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு வழக்கமான வாசகங்களை ஆரம்பித்தார். "இந்த நாள் முழுசும் எங்களைப் பாதுகாத்து..." என்ற இடத்தில் நிறுத்தினார். அந்தப் பெண்ணின் பிடி இன்னும் அவர் மணிக்கட்டில் இருந்தது.

"ஆண்டவரே" என்று மறுபடி ஆரம்பித்தார். குரல் வேறாக இருந்தது. "நான் இன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். பாக்காத வேலையப் பாத்தேன்னு எழுதினேன். என்னால ஒரு பிள்ளத்தாய்ச்சி தவிச்சுப் போச்சு. அதுல பழியத் தூக்கி மீசை தலையில போட்டுட்டேன். அவன் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல. எனக்கு வெக்கமா இருக்கு."

கண்ணைத் திறந்தபோது பிள்ளைகள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவன் தூங்கவில்லை.

"ஆண்டவர்கிட்ட சொல்லிட்டீங்க" என்றாள் டீச்சர் மெதுவாக. "ஆபீஸ்ல சொல்லுவீங்களா?"

"சொல்லணும். வேலை போயிடுமோன்னு பயமா இருக்கும்மா."

அப்பா பயப்படுவார் என்பது அவளுக்குப் புதுச் செய்தி. தானாகவே கண்ணை மூடி, "எங்கப்பாவுக்கு நாளைக்கு மட்டும் பயம் இல்லாம பாத்துக்கோங்க" என்றாள். பிழை திருத்த அதில் ஒன்றும் இருக்கவில்லை.

காலையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிக் கையில் கொடுத்து, "போயிட்டு வாங்க. எதுவானாலும் வீட்டுக்குத்தான வரப்போறீங்க" என்றாள்.

சூப்பர்வைசர் அரை மணி நேரம் வறுத்தெடுத்தார். வேலை போகவில்லை. ஆனால், ஆறு மாதத்துக்கு அவர் பார்க்கும் ஒவ்வொரு வேலையையும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவானது. அந்த இன்னொருவர், மீசை.

வீங்கிய கன்னத்தோடு மீசை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்ப்பா, பல்லு புடுங்கப் போன நேரத்துல என் சோத்துலயும் மண்ணப் போடப் பாத்தியே!" அதன் பிறகு ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாவது நாள், ஒரு பூட்டை இரண்டு முறை கழற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் மாட்டியிருக்க" என்றார். அன்றைக்கு இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

மூன்று மாதம் முடிந்து மனைவி பகல் டியூட்டிக்குத் திரும்பினாள். முதல் நாள் சாயங்காலம் அவள் ஜெபத்தை ஆரம்பிக்கப் போனபோது டீச்சர் கையைத் தூக்கினாள்.

"அம்மா, இப்போ எல்லாரும் அவங்கவங்களே பேசறோம்." பக்கத்து பெஞ்சுக்காரியின் நோட்டை ஒளித்துவைத்ததை அவள் ஆண்டவரிடம் சொன்னாள். நாளைக்குத் திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னாள். அடுத்து சின்னவன் முறை.

"ஆண்டவரே, அக்கா என்னக் கிள்ளினா. அப்புறம் அக்கா..."

"உன்னோடத சொல்லுடா!"

அவன் புருவத்தைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தான். அம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கடைசியில், "என்னோடது நெறைய இருக்கு ஆண்டவரே. ஒண்ணொண்ணா சொல்றேன்" என்றான்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்கத் தொடங்கினார்.