கை நனைக்காத ஊர்

பெற்ற பெண் அடுப்பு மூட்டிச் சமைக்கிற ஊரில், சாப்பாட்டுக்கு ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கிய தம்பதி உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். கல்கத்தாவுக்குப் போனால் எங்கே சாப்பிடலாம் என்று என்னிடம் யாரும் கேட்காதீர்கள். கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

என் பெயர் அலமேலு. அலமு என்று கூப்பிடுவார்கள். என் ஆத்துக்காரர் ரங்கராஜனுக்கு அந்த ஊரில் மத்திய சர்க்கார் உத்தியோகம். டாக்குரியாவில் ரயில் சத்தம் கேட்கிற ஒரு வாடகை வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்தோம். ஒரே பெண் வைதேகி. அங்கேயே படித்தாள், அங்கேயே டீச்சர் ஆனாள், அங்கேயே சுபீர் என்கிற பெங்காலிப் பையனைப் பார்த்து, கட்டினால் இவனைத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தொண்ணூற்றைந்தில் ரிஜிஸ்டர் கல்யாணம் நடந்தது. இவர் போகவில்லை, என்னையும் விடவில்லை. "எங்கேயோ நன்னா இரு. ஆனா உன் ஆத்துல நான் கை நனைக்க மாட்டேன்" என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் இது லேசான பேச்சு இல்லை. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, சம்பந்தம் நிச்சயமாகிற வரைக்கும் சொஜ்ஜி பஜ்ஜியோடு எழுந்துவிடுவார்களே தவிர, இலை போட்டுச் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் உறவு என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. பெண்டாட்டி என்கிற முறையில் எனக்கும் சேர்த்து அவரே சபதம் எடுத்துக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா? அதெல்லாம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

அதே வருஷம் ரிடையர் ஆனதும் மெட்ராஸில் நங்கநல்லூருக்கு வந்துவிட்டோம். வைதேகி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். எங்களோடு இருந்தவரை வெந்நீர் வைக்கத் தெரியாத பெண் அவள். புத்தகமும் கையுமாக இருப்பாள், நானும் விட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம்தான் போனிலேயே என்னிடம் சமையல் கற்றுக்கொண்டாள். "அம்மா, புளியைக் கரைச்சுட்டேன், அடுத்தது என்ன?" என்பாள். நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கும். "எப்படிடி வந்திருக்கு?" என்றால், "வாசனை நன்னா இருக்கும்மா. வந்து சாப்ட்டுப் பார்த்துட்டு நீதான் சொல்லணும்" என்பாள். எட்டு வருஷம் இப்படியே ஓடிற்று. ஒரே ஒரு தரம் அவள் கையால் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. பெருமாளிடம் நான் வேறு எதையும் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் இவருடைய பழைய ஆபீஸ் சிநேகிதர் பட்டாபி, தன் பிள்ளை கல்யாணத்துக்கு நேரில் வந்தே ஆகவேண்டும் என்று போனில் அழிச்சாட்டியம் பண்ணினார். இவரும் சரி என்றுவிட்டார். டிக்கெட் கைக்கு வந்த அன்று எனக்கு ராத்தூக்கம் இல்லை. ஆனால் இவர் ரயிலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். "வைதேகியைப் பார்க்கலாம், பேசலாம். சாப்பாடு வெளியிலதான்."

கல்யாணத்தன்று சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மறுநாள்தான் கூத்து ஆரம்பித்தது. நாங்கள் தங்கியிருந்தது லேக் மார்க்கெட் பக்கம் ஒரு லாட்ஜில். "இங்கே நம்ம பாலக்காட்டு மெஸ் இருக்கச்சே என்னடி கவலை?" என்று இவர் மாப்பிள்ளை முறுக்கோடு முன்னால் நடந்தார். மெஸ் இருந்த இடத்தில் சூட்கேஸ் கடை இருந்தது. கடைக்காரனிடம் போய்த் தன் பெங்காலியில் விசாரித்தார். அவன் ஒரு சூட்கேஸைத் திறந்து காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் முறைத்தார்.

அங்கேயிருந்து டிராமில் ஏறி கரியாஹாட். அங்கே ஒரு ஹோட்டலில் சாம்பாரில் சர்க்கரை. இன்னொன்றில் இட்லியோடு சீஸ் வேண்டுமா என்று கேட்டான். முன்பு தயிர்சாதம் கிடைத்த இடத்தில் இப்போது சீனாக்காரச் சமையலாம். ஒரு காலத்தில் இந்த ஊரில் எந்தச் சந்தில் எந்த நேரத்துக்குச் சூடாக வடை போடுவார்கள் என்று விரல்நுனியில் வைத்திருந்த மனுஷர், நடைபாதையில் புடவைக் கடைகளுக்கு நடுவே திருவிழாவில் தொலைந்த குழந்தை போல நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவப்பட என்னால் முடியவில்லை. மெட்ரோவில் ஏறினால் டாலிகஞ்சில் பெண் வீடு. அவள் லீவு போட்டுவிட்டுச் சமைத்து வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்புவதற்கு முதல்நாள் அங்கே போனோம். செருப்பைக் கழற்றும்போதே பெருங்காய வாசனை. சுபீர் வாசலிலேயே எங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "வாங்கோ மா, வாங்கோ பாபா" என்று தமிழும் பெங்காலியுமாகக் கூப்பிட்டான். வைதேகி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பால்கனியைத் தடுத்து ஒரு குட்டிச் சமையலறை. ஒற்றை அடுப்பு, வெண்கலப்பானை, ஈயச்சொம்பு, எல்லாம் தேய்த்துப் பளபளவென்று இருந்தன.

"இதெல்லாம் உங்களுக்குன்னு தனியா வச்சிருக்கேம்மா. மீன் பக்கம்கூடப் போனதில்லை. சுபீரோட அடுப்பு உள்ளே இருக்கு."

"எப்போடி வாங்கினே?"

"இந்த ஆத்துக்கு வந்த வருஷமே வாங்கிட்டேன். நீங்க எப்போ வேணா வரலாம் இல்லையா?"

வெண்கலப்பானையை ஒரு தரம் தொட்டுப் பார்த்தேன். கூடத்துக்கு வந்தால் சுபீர் இரண்டு வாழையிலை போட்டு, தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தான். இவர் இலையைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்பத்தான் சாப்ட்டுட்டு வந்தோம். வயிறு திம்முனு இருக்கு" என்றார்.

பச்சைப் பொய்! காலையிலிருந்து ஒரு காபியைத் தவிர எங்கள் வயிற்றில் ஒன்றும் இல்லை. வைதேகி இலையை நேராக நகர்த்தி வைத்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நான் சாப்பிடப் போறேன். நீங்க வேணா கீழே போய் நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் இவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. இவர் முகம் செத்துப்போயிற்று. ஆனால் என்னைத் தடுத்தது இவர் இல்லை.

வைதேகி என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்மா. திருட்டுச்சாப்பாடு மாதிரி நீ மட்டும் சாப்பிட வேண்டாம். சாப்ட்டா ரெண்டு பேரும் சாப்பிடுங்கோ. இல்லேன்னா விட்டுடு."

"எட்டு வருஷமா விட்டுண்டுதாண்டி இருக்கேன்."

"தெரியும்மா" என்றாள். அழவில்லை. எழுந்து போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். சுபீர் இலைகளைச் சத்தமில்லாமல் சுருட்டி எடுத்துப் போனான். கிளம்பும்போது, "டிரெயினுக்கு சாப்பாட்டுக்குக் கவலைப்படாதேம்மா. ஹௌராவுக்கு நான் கொண்டு வரேன்" என்றாள்.

மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் பன்னும் வாழைப்பழமும் வாங்கி நின்றுகொண்டே தின்றோம். "திம்முனு இருந்த வயித்துல எப்படி இறங்கறது?" என்று கேட்டேன். இவர் பன்னை மென்றுகொண்டே இருந்தார். நான் விடவில்லை. "ஜெயிச்சுட்டேள். பொண்ணு தோத்துட்டா. பாயசம் வச்சுக் கொண்டாடலாமா?" என்றேன். வாழைப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார்.

அப்புறம் லாட்ஜுக்கு வந்து படுத்துவிட்டோம். மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வரும்போது திருமண் இட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"டிபன் சாப்பிட எங்கே போறது?" என்று கேட்டேன்.

"எங்கேயும் வேண்டாம். அதான் வைதேகி தளிகை பண்ணிக் கொண்டு வராளே. பசியோட இருந்து அதையே சாப்பிடலாம்."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "என்ன சொல்றேள்?"

"வழிக்குக் கட்டிண்டு போற சாதம்தானே? ஆத்துல போய் உட்கார்ந்து சாப்பிட்டாத்தானே கை நனைச்சதா ஆகும்?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "ராத்திரியெல்லாம் அந்த அடுப்புதான் கண்ணுல நின்னுது அலமு. எட்டு வருஷமாத் தேச்சு வச்சிருக்கா."

அட பெருமாளே! இந்த மனுஷருக்கு இப்போதாவது கண்ணைத் திறந்தாயே என்று அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். ஓட்டமாக ஓடிப் பக்கத்து பூத்திலிருந்து வைதேகிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுபீர் வேலைக்குப் போயிருப்பான், இவள் சமையலில் மும்முரமாக இருப்பாள், காதில் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். போகட்டும், ஸ்டேஷனில் அப்பா வாயாலேயே கேட்கட்டும், அதுதான் அழகு.

ஹௌராவில் பசியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பரவாயில்லை, அப்படி ஒரு சந்தோஷமான பசி என் ஆயுசில் இருந்ததில்லை. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது. கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வைதேகி வந்தாள். கையில் பெரிய பை. இவர் நான் சொல்லாமலேயே பெட்டியிலிருந்து இறங்கிப் போய் இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டார். அவளைப் பார்த்துச் சிரித்தார். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் சிரித்தார்.

"என்னம்மா தளிகை?" என்று கேட்டார்.

"புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு கறியமுது. பயப்படாமச் சாப்பிடுங்கோப்பா. எதுவும் நான் பண்ணலை."

இவருக்குப் புரியவில்லை. "என்னது?"

"லேக் மார்க்கெட்ல ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தி ஆர்டருக்குப் பண்ணித் தரா. நம்மவாதான். மடியாப் பண்ணுவா. காலம்பறவே போய்ட்டேன். என் ஆத்துப் பாத்திரம்கூட வேண்டாம்னு நேரா அங்கேர்ந்து வாங்கிண்டு வரேன். உங்க வார்த்தைக்கு ஒரு குறையும் இல்லை."

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. சின்ன வயசில் மார்க் ஷீட்டை நீட்டிவிட்டு அப்பா முகத்தைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். இவர் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. இவரைப் பிடித்து உள்ளே தள்ளுவதா, அவளைப் பிடித்து அழுவதா? தள்ளினேன், நானும் ஏறினேன். அவள் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்து, "போன் பண்ணும்மா" என்று கத்தினாள்.

கரக்பூர் தாண்டுகிற வரை இவர் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. அப்புறம் கேட்டார். "அவ பண்ணியிருக்கலாமேடி. ஏன் பண்ணலை?"

என்னிடம் எட்டு வருஷத்துக்குப் பதில் இருந்தது. "நீங்கதானே வேண்டாம்னேள்" என்றேன். இவர் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எதிர் சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். சாப்பிடாமல் என்ன செய்வது, பெண் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தது. கண்ணீர் இலையில் சொட்டிக்கொண்டே இருந்தது. புளியோதரை நன்றாகத்தான் இருந்தது. அந்த மாமியின் கைப்பக்குவம் எனக்குத் தெரிந்துவிட்டது. என் பெண்ணின் கைப்பக்குவம் இன்னும் தெரியவில்லை.