அட்டை தூங்கும், தேரை ஓயும்

சீனாவின் யான்தாய் கடற்கரையில் கல்யாணத் தேதி குறிப்பது சுலபம். சூ வீட்டுக்கும் மூ வீட்டுக்கும் குறிப்பதுதான் பெரும்பாடு. பெண்ணின் அப்பா சூ, கடல் அட்டை வியாபாரி. பையனின் அப்பா மூ, மலையடிவாரத்தில் தேரை வளர்த்து, அதன் சுரப்பியிலிருந்து மருந்துக்கு விஷம் வழிப்பவர். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன கல்யாணம். இன்றும் தேதி அமையாவிட்டால் சம்பந்தமே வேண்டாம் என்று இருவரும் தரகனான என்னிடம் தனித்தனியே சொல்லிவிட்டார்கள். கல்யாணம் முடிந்தால் தரகனுக்குத் தரும் பெரிய கெண்டை மீன் என் கண்ணெதிரே நீந்திப் போய்க்கொண்டிருந்தது.

"குளிர்காலத்துல வைப்போம். என் தேரையெல்லாம் சேத்துக்குள்ள தூங்கும், எனக்கும் வேலை இருக்காது" என்றார் மூ.

"குளிர் வந்தா உடம்புக்கு நல்லதுன்னு ஊர்ல ஆளுக்குத் தினம் ஒரு அட்டை திங்குறாங்க. கடையைப் பூட்டிட்டுக் கல்யாணச் சாராயம் ஊத்தவா?" என்றார் சூ. "கோடையில வைங்க. அப்பத்தான் என் அட்டை பாறையிடுக்குல தூங்கும்."

"கோடையிலதான் என் தேரை விஷம் தரும். உங்க தூங்குமூஞ்சி அட்டைக்காக அதை விடணுமா?"

சூவுக்குச் சுருக்கென்றது. "யாரு தூங்குமூஞ்சி? எதிரி வந்தா என் அட்டை தன் குடலையே கக்கிப் போட்டுட்டுத் தப்பிச்சுப் போகும். அப்புறம் புதுக் குடல் வளர்த்துக்கும். உங்க தேரையால முடியுமா?"

"முடியாதுதான்." மூ ஒப்புக்கொண்டது எனக்கே ஆச்சரியம். "ஆனா என் தேரை தோலை உரிச்சு அதையே முழுங்கிடும், துளி வீண் கிடையாது. விஷம் மருந்துக்குப் போகுது, தேரை உயிரோட குட்டைக்குப் போகுது. உங்க கடையிலேர்ந்து எந்த அட்டையாவது உயிரோட போயிருக்கா?"

சூ தாடையைத் தடவினார். "அது பெரிய விஷயந்தான் சம்பந்தி."

எத்தனையோ சரக்கைப் புகழ்ந்து விற்றவன் நான். பொய்யே கலக்காமல் இவ்வளவு புகழத் தகுந்த சரக்கு எனக்கு வாய்த்ததில்லை. ஆனால் தேதி மட்டும் நகரவில்லை.

மீன் கொழுக்கட்டைத் தட்டோடு பெண் ஹாய்னிங் வந்தாள். "மாமா, இன்னிக்கு விஷம் வழிச்ச தேரையை நாளைக்கும் வழிப்பீங்களா?"

"ஐயோ, செத்துப்போகும்! சுரப்பி நிறையறதுக்கு ரெண்டு வாரமாவது எல்லாத்தையும் சும்மா விடணும்மா."

"கோடையிலயுமா?"

"கோடையிலயும்தான்."

"அந்த ரெண்டு வாரம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

மூ கொழுக்கட்டையையே பார்த்தார். "சும்மா... மாஜாங் காய் அடுக்கி ஆடுவேன்."

சூ மேசையைத் தட்டிச் சிரித்தார். "அட்டையும் தூங்குது, தேரையும் ஓய்வெடுக்குது, இவருக்கு மட்டும் ஒழிச்சலே இல்லையாம்!"

"அந்த ரெண்டு வாரத்துலயே வைங்கப்பா," என்றாள் ஹாய்னிங். "மாமா கல்யாண வீட்டுலயே ஆடிக்கட்டும்."

கோடைக்கே தேதி முடிந்தது. சூ கோப்பையைத் தூக்கித் தேரையை வாழ்த்தினார். மூ அட்டையை வாழ்த்தினார். என்னை யாரும் வாழ்த்தவில்லை. பரவாயில்லை, கெண்டை திரும்பி வந்துவிட்டது.