தூக்கிப் போகிற வண்டிக்கு டயர் பார்த்தவள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது கொஞ்சம்தான். ஜோர்டானின் அம்மான் நகரில், பயாதிர் பகுதியில் ஒரு டயர் கடையில் என் வண்டிக்குப் பஞ்சர் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து லிஃப்டில் ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட், சிவப்பு, நான்கு சக்கரமும் கழற்றித் தொங்கியது. கீழே ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புது டயர் ஒன்றை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். கூட வந்தவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் என் காதில் விழுந்தது.

"தூக்கிட்டுப் போகப்போறது என்னைத்தானே? அப்ப டயர நான்தான் பாப்பேன்."

மிச்சமெல்லாம் நான் சேர்த்தது. அம்மானில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். பக்கத்து வாதி சீரில், காக்கசஸ் மலையிலிருந்து வந்து குடியேறிய செர்க்கேசியக் குடும்பங்களில், கல்யாணத்துக்குப் பெண்ணைத் தூக்கிப் போகிற வழக்கம் அங்கங்கே இன்னும் இருக்கிறது. பெண்ணின் சம்மதம் வேண்டும். மரியாதைப்பட்ட இன்னொரு பெண் துணைக்கு வர வேண்டும். ஒரு பெரியவர் வீட்டுப் படியேறிவிட்டால் அப்புறம் யாரும் கை வைக்க முடியாது, பேச்சுவார்த்தைதான். அதற்குமுன் பெண்ணின் அண்ணன் பிடித்துவிட்டால் கதை கந்தல்.

2

தொடக்கம் ஒன்று: "வானம் கறுத்திருந்தது, யெனாலின் மனமும் அதைப்போலவே—"

சே. அடித்துவிட்டேன். (கையைக் கட்டிக்கொண்டு நின்றவனுக்கு நான் வைத்த பெயர் யெனால், அவளுக்கு ஜான்செத்.)

தொடக்கம் இரண்டு: "நாளை வியாழக்கிழமை சாயங்காலம் மழை வரும் என்று சொன்னார்கள்." இது நிற்கும். ஏனென்றால் இது பருவத்தின் முதல் மழை. கோடை முழுக்க ரோட்டில் படிந்த தூசியும் எண்ணெயும் முதல் தூறலில் சோப்புக் குழம்பாகிவிடும். அன்றைக்கு இந்த ஊரில் வண்டிகள் ஓடுவதில்லை, வழுக்குகின்றன. யெனால் ஜான்செத்தைத் தூக்கிப் போக நாள் குறித்திருப்பது அதே வியாழன் சாயங்காலம். வாதி சீரிலிருந்து, பெரியவர் வீடு இருக்கும் நாஊர் வரை, மலையை வளைத்து இறங்கும் பாதை. [நாளை மாற்றிவிடலாமே என்கிறீர்களா? மாற்ற முடியாது. அந்த ஒரு சாயங்காலம்தான் வீட்டில் ஆள் குறைவு.]

3

கடைக்காரர் அபு காலிப். சின்ன ரிம்முக்கு நல்ல டயர் கிடைப்பதே குதிரைக்கொம்பு, என்னிடம் இரண்டு வகை இருக்கிறது என்று அவர் பெருமையாக நின்றார். ஒன்று மெத்தென்ற ரப்பர், வரிகள் குறைவு, காய்ந்த ரோட்டில் அட்டைபோல ஒட்டும். இன்னொன்று ஆழமான வரிகள் வெட்டியது, தண்ணீரை வழித்துத் தள்ளும்.

"இந்த வண்டிக்கு மெத்து ரப்பர்தான் மரியாதை" என்றான் யெனால். "வளைவுல ஒரு அங்குலம் நகராது."

"காஞ்ச ரோட்டுல. நாளைக்கு ரோடு காயுமா?" என்றாள் ஜான்செத்.

"தூறல்தானே போடும்."

"முதல் தூறல். எஞ்சின் முதுகுக்குப் பின்னாடி இருக்கிற வண்டி. வால் ஒருதடவ விலகிச்சுன்னா பெரியவர் வீட்டுக்கு இல்ல, பள்ளத்துக்குத்தான் போவோம்."

"பயமா இருக்கா உனக்கு?"

"பயமில்லாமலா டயர் பாக்க வந்தேன்? நீதான் அழகு பாக்க வந்திருக்க."

அபு காலிப் இரண்டு பக்கமும் தலையாட்டினார். "மகளே, ரெண்டும் தங்கம்."

"வாயில விக்காதீங்க அபு காலிப். உங்க பொண்ணு போறதா இருந்தா எதை மாட்டுவீங்க?"

"என் பொண்ணா? என் பொண்ண பஸ்ல அனுப்புவேன்."

மூவரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு முதலில் நின்றது.

4

இந்த இடத்தில் எனக்கு யெனாலின்மேல் சந்தேகம் வந்தது. இவன் அவளை நேசிக்கிறானா, அந்தச் சிவப்பு வண்டியில் அவளோடு போகிற காட்சியை நேசிக்கிறானா? அந்தக் கோபத்தில் பேனாவை வைத்துவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது வேறொரு ஓட்டை கண்ணில் பட்டது. துணைக்கு வரும் பெண், யெனாலின் அக்கா செத்தேனாய், எங்கே உட்காருவாள்? வண்டியில் சீட்டு இரண்டுதானே. நான் மறந்திருந்தேன். யெனாலும் மறந்திருந்தான். ஜான்செத் மறக்கவில்லை.

"அக்கா கூரை மேல உக்காந்து வருவாங்களா?"

யெனால் அண்ணாந்து வண்டியைப் பார்த்தான். துணையில்லாமல் போனால் ஊர் வாயில் விழுந்து எழ முடியாது.

"நான் ஓட்டறேன். அக்கா பக்கத்துல. நீ டாக்ஸி புடிச்சு முன்னாடியே நாஊருக்குப் போயிடு."

"தூக்க வர்றவன் டாக்ஸிலயா?"

"பெரியவர் வீட்டுல காப்பி குடிச்சிட்டு இரு. நான் என்னைத் தூக்கிட்டு வர்றேன்."

அபு காலிப் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். யெனாலின் காது சிவந்தது. ஆனால் அவன் அபு காலிப்பின் பக்கம் திரும்பி, "அப்ப மழை டயரே மாட்டுங்க" என்றான். அந்த ஒரு வரிக்காக அவனை மன்னித்தேன்.

5

கதை இங்கே முடிந்திருக்கலாம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. உடைத்தவன் பெஸ்லான்.

ஜான்செத்தின் அண்ணன். அப்பா போனபிறகு வீட்டைத் தாங்குகிறவன். யெனால் வீட்டார் முறையாகக் கேட்டு வந்தபோது இரண்டுமுறை மறுத்தவன். இந்தக் காலத்து அண்ணன்கள் துரத்துவதுபோல் பாவனை செய்துவிட்டு வழியில் நின்று சிகரெட் பிடிப்பார்கள். பெஸ்லானுக்குப் பாவனை வராது. தெரிந்த நிமிடமே தன் பிக்கப் வண்டியை எடுப்பான். அந்தப் பிக்கப்பின் டயரில் பட்டன் என்று ஒன்று பேருக்குக்கூடக் கிடையாது.*

* ரப்பரின்மேல் இருக்கும் வெட்டுகளுக்கு எங்கள் ஊரில் பட்டன் என்று பெயர். பெஸ்லானின் டயரை எங்கள் ஊரில் மொட்டை என்பார்கள்.

அபு காலிப் முதல் சக்கரத்தை மாட்ட எடுத்தபோது ஜான்செத் சொன்னாள், "நிறுத்துங்க."

"என்ன?" என்றான் யெனால்.

"இந்த டயர் போட்டா நான் வளைவுல வேகமா போவேன். அண்ணன் விடமாட்டான். அவனும் அதே வேகத்துல வருவான், அந்த மொட்டை டயர வச்சுக்கிட்டு."

"அப்ப மெதுவா போ."

"மெதுவா போனா புடிச்சிருவான்."

  நான் முயன்ற முடிவுகள் கீழே இருக்கின்றன.

அ. மழை வரவில்லை. [இது ஏமாற்று.]

ஆ. மழை டயர். வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் இறங்குகிறது. செத்தேனாய் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறாள். கண்ணாடியில் பெஸ்லானின் விளக்குகள் இரண்டும் தெரிகின்றன. அடுத்த வளைவு தாண்டியதும் ஜான்செத் மறுபடி கண்ணாடியைப் பார்க்கிறாள், விளக்குகள்—

இதற்குமேல் எழுத எனக்குத் தைரியமில்லை.

இ. மெத்து டயர், ஈர ரோடு. அவள் ஊர்ந்து போகிறாள். பெஸ்லான் முந்தி வந்து குறுக்கே நிறுத்துகிறான். திட்டவில்லை. கதவைத் திறந்து, "இறங்கு, வீட்டுக்குப் போலாம்" என்கிறான். நாஊரில் காப்பி ஆறிப்போகிறது. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். ஜான்செத்தும் ஒருவகையில் இருக்கிறாள்.

ஆ, இ இரண்டையும் மனசுக்குள் அவளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். எந்த முடிவும் பிடிக்கவில்லை. கடைசியில் வழி கண்டுபிடித்தது அவள்தான்.

6

ஜான்செத் கடை வாசலுக்குப் போனாள். போனை எடுத்தாள். யெனால் பின்னால் ஓடினான்.

"யாருக்கு? ஜான்செத், யாருக்குப் போடற?"

அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"அண்ணா."

"சொல்லு ஜான்சு. எங்க இருக்க? ஒரே சத்தமா இருக்கு."

"கடைத்தெருவுல. அண்ணா, உன் பிக்கப்புக்கு டயர் மாத்து."

"என்னது?"

"நாலும் மொட்டையா இருக்கு. இன்னிக்கே மாத்திடு. நாளைக்கு மழையாம்."

"மழை பெஞ்சா என்ன? நான் நாளைக்கு எங்கயும் போகலையே. வீட்டுலதான் இருப்பேன்."

"இருந்தாலும் மாத்து."

"நாலு மாசமா அந்த வண்டிலதான் சுத்தறேன், ஒருவார்த்த சொல்லல. இன்னிக்கு என்ன திடீர்னு?"

"எனக்காக மாத்து அண்ணா. வேற எதுவும் கேக்காத."

எதிர்முனையில் ஓர் இருமல்.  உள்ளே அபு காலிப் கையில் சக்கரத்தோடு நிற்கிறார், எதை மாட்ட என்று கண்ணால் கேட்கிறார். யெனால் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுகிறான். அவன் பயமும் நியாயம்தான்.

பெஸ்லான் பேசினான். குரல் தணிந்திருந்தது, அதில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஜான்சு, நாளைக்கு நீ எங்கயாவது போறியா?"

போகிறேன் என்று சொன்னால் இன்று இரவே வீட்டுக் கதவு பூட்டப்படும். இல்லை என்று சொன்னால் டயர் மாறாது. அவளுக்கு நான் எழுதிய பதில்கள் எல்லாம் பொய்யாகவே வந்தன. அவன் அவளைத் தூக்கி வளர்த்தவன், பொய்யென்றால் மூச்சிலேயே கண்டுபிடிப்பான்.

ஆகவே போனை உங்களிடம் கொடுக்கிறேன். அவன் காத்திருக்கிறான். குரல் நடுங்காமல் பேசுங்கள்.