மூடி போட்ட சின்ன டப்பா

1

"யாருகிட்டருந்து யாருக்கு வந்திருக்கும்?" என்று அக்கா கேட்டாள். இந்தக் கதை பிறந்தது அந்தக் கேள்வியில்தான். என்னிடம் கேட்டாளா, துவைத்துக்கொண்டிருந்த மாமாவின் சட்டையிடம் கேட்டாளா, தெரியாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அக்கா வீட்டில் கிடப்பவளிடம் யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: மாமா ஊர்மேய்ந்தவர். அவரால்தான் அக்காவுக்கு

(அடித்துவிட்டேன். டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை.)

இரண்டாவது தொடக்கம்: கல்யாணத்துக்கு முன்னால் அக்கா

(இதையும் அடித்துவிட்டேன். அவள் என் அக்கா.)

குழந்தைக்காக ஆஸ்பத்திரிக்குப் போன அக்காவுக்குத் துணையாகப் போன நான், டாக்டரம்மா சொல்லிக் கேட்டது இவ்வளவுதான்: "எச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ். உடலுறவுல தொத்தும். வருஷக்கணக்கா சத்தமில்லாம உடம்புல கெடக்கும். யார் குடுத்தாங்கன்னு சொல்லவே முடியாதும்மா. நிறைய பேருக்குத் தானாப் போயிடும், குழந்தையும் பிறக்கும். ஆனா ஆம்பளைங்க விந்துல இருந்தா, விந்தணுவோட ஓட்டத்தைக் குறைக்கலாம். குறைக்காமலும் இருக்கலாம். அவரையும் டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லும்மா."

கதைக்கு ஒரு குற்றவாளி வேண்டும். இந்த வைரஸ் ஆளைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறது.

3

விந்து எடுத்துவர மூடி போட்ட சின்ன டப்பா ஒன்று கொடுத்தார்கள். மாமா ஃபிரிட்ஜ் மெக்கானிக்.

"உனக்குத்தானடி இருக்குன்னு வந்திருக்கு? எனக்கெதுக்கு டெஸ்ட்டு?"

"ஃபிரிட்ஜ் குளிரலைன்னா கதவை மட்டும் பாத்துட்டு வந்துருவீங்களா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மாமா சிரிக்கவில்லை. மறுநாள் பார்த்தால் டப்பா நிறைய ஸ்குரூ.

அக்கா கத்தவில்லை. "இத்தனை வருஷம் ஊசியும் மாத்திரையும் எனக்கு மட்டும்தான். அந்த டப்பா காலியாகிற வரைக்கும் நான் ஆஸ்பத்திரி வாசல மிதிக்க மாட்டேன். புள்ளையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள். புள்ளை என்னும்போது மட்டும் குரல் உள்ளே போனது.

4

முடிவு ஒன்று: தொட்டிலில் ஒரு

(ஆசைதான். கை வரவில்லை.)

முடிவு இரண்டு: பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா

(இதற்கும் வரவில்லை.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். இன்று காலை ஸ்குரூ எல்லாம் என் டம்ளரில் கிடந்தன. மாமா டப்பாவைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். (கழுவின டப்பா டெஸ்ட்டுக்கு ஆகாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் புதிதாகக் கொடுப்பார்கள். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.) அக்கா அடுப்படியிலிருந்து பார்த்தபடி நின்றாள்.

இனி என்ன ஆகும் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமிருந்து யாருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.

அக்கா துவைத்துப்போட்ட சட்டையை மாட்டி, ஈர டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மாமா படியிறங்கிப் போனார்.