குளவிக்கு ஒரு பங்கு

மாமனாருடைய கையில் எந்நேரமும் ஈரல் நாற்றம் அடிக்கும். சோப்புப் போட்டாலும் போகாது, சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கையால் அவர் ரொட்டியைப் பிய்த்து எல்லோருக்கும் வைக்கும்போது கும்ரிக்குக் குமட்டிக்கொண்டு வரும். கல்யாணமாகி மார்கிலான் ஊரில் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே கதைதான். கசாப்புக்காரர் கை நாறத்தானே செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தின்றாள். பல்லைக் கடித்தும் பொறுக்க முடியாத சங்கதி ஒன்று இருந்தது. அது குளவி.

மாமனார் மமத்குல் கடையை வீட்டு வாசலிலேயே, தெருவைப் பார்த்து வைத்திருந்தார். காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக, ஓரத்துக் கொக்கியில் உள்ளங்கை அளவு ஈரல் துண்டு ஒன்றை மாட்டுவார். விற்பதற்கு அல்ல, குளவிகளுக்கு. "அதுங்க பங்கு" என்பார். குளவி இருந்தால் ஈ அண்டாது, சம்பளம் கேட்காத காவல்காரன் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். ஈ குறைந்தது என்னவோ நிஜம். ஆனால் அந்தத் துண்டின் மேல் மஞ்சளும் கறுப்புமாக மொய்த்து, வயிறு துடிக்கத் துடிக்க, தாடையால் அறுத்து அறுத்து உருட்டுகிற கண்றாவி இருக்கிறதே, சீ! அதைப் பார்ப்பதற்கு ஈயே தேவலை.

கும்ரி திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். திராட்சை உலர்த்துகிற கொட்டகையில் குளவி கூடு கட்டாத வருஷம் கிடையாது. ஒரு தடவை அவளுடைய அண்ணன் கூடு ஒன்றைப் பிளந்து காட்டியிருந்தான். அறைக்கு ஒன்றாகக் கொழுத்த வெள்ளைப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடின. பெரிய குளவி கறியை மென்று அதன் வாயில் திணிக்கிறது. புழு பதிலுக்கு ஒரு சொட்டு எச்சிலைக் கக்குகிறது. அதைப் பெரியது நக்கிக் குடிக்கிறது. கறியெல்லாம் புழுவுக்கு, எச்சில் குளவிக்கு. இதைப் பார்த்துவிட்டு அன்று அவள் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து குளவி எங்கே பறந்தாலும் அவள் கண் அதன் பின்னாலேயே போகும். பிடிக்காததைத்தானே மனசு விடாமல் கவனிக்கிறது!

அப்படித்தான் அதையும் கவனித்தாள். பிள்ளை பெற்று, சில்லா என்கிற நாற்பது நாள் பிரசவக் காப்புக்காக அறைக்குள் அடைந்து கிடந்தபோது, ஜன்னல் வழியே பார்த்தாள். கடைக் கொக்கியிலிருந்து ஈரல் உருண்டையைத் தூக்கிக்கொண்டு வருகிற குளவிகள் முற்றத்துத் திராட்சைப் பந்தலைத் தாண்டி நேராக அவள் அறையின் வெளிச்சுவரில் இருந்த ஒரு விரிசலுக்குள் நுழைந்தன. பழைய மண்சுவர் அது. கல்யாணத்துக்காக அவள் புருஷன் எல்யோர் உள்பக்கத்தில் ஜிப்சம் பலகை அடித்து வெள்ளை பூசியிருந்தான். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கை நுழைகிற சந்து. கூடு அங்கேதான். பலகையை ஒட்டித் தொட்டில். தொட்டிலில் அவள் மகன் சஞ்சர்.

தொட்டில் என்றால் விட்டத்தில் தொங்குகிற சேலை இல்லை. வளைந்த காலில் ஆடுகிற மரத் தொட்டில். பிள்ளையை மல்லாக்கப் போட்டு, கையும் காலும் அசையாமல் பட்டையால் இறுகக் கட்டி, மேலே துணி மேல் துணியாகப் போர்த்திவிடுவார்கள். ஒரு ஈ மூக்கில் உட்கார்ந்தால்கூடப் பிள்ளையால் தலையைத் திருப்ப முடியாது. போதாக்குறைக்கு, மாமனாரின் அக்கா ஹாஜர் அத்தை ஆட்டு வால்கொழுப்பைத் துணியில் முடிந்து, கற்கண்டுத் தண்ணீரில் தோய்த்து, பிள்ளை வாயில் சப்பக் கொடுத்திருந்தாள். கொழுப்பும் இனிப்பும்! குளவிக்கு விருந்து வைப்பதென்றால் வேறு எப்படி வைப்பது?

"அத்தை, தொட்டிலை அந்தப் பக்கம் நகர்த்திடலாம்" என்றாள் கும்ரி.

"வச்ச இடத்துலேருந்து தொட்டிலை நகர்த்தப் படாது" என்றாள் அத்தை. சில்லாவைக் காவல் காக்கவென்றே வந்து, வாசற்படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்.

"அப்ப பிள்ளையை வேற ரூமுக்காவது…"

"வாயைக் கழுவு! சில்லா முடியாம பச்சைப்பிள்ளை நிலையைத் தாண்டுறதா? காத்துக் கருப்பு அண்டிடும். உங்க தோட்டத்துல வேணா அப்படி வளர்த்திருப்பாங்க."

ஆகஸ்டு வெயில் ஏற ஏறக் குளவியும் பெருகியது. ஒரு நாள் கடைக்கு வந்த பக்கத்துத் தெருக்காரி ஒருத்திக்கு உதட்டில் கொட்டிவிட்டது. உதடு பணியாரமாக வீங்க, அவள் நடுத்தெருவில் நின்று மமத்குல்லின் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். நாலு பேர் பார்த்துவிட்டார்கள். மானம் போயிற்று. மமத்குல் வைக்கோலையும் மண்ணையும் குழைத்து, கொஞ்சம் சிமெண்டும் சேர்த்து, மத்தியான வேளையில் ஏணி போட்டு ஏறினார்.

கும்ரி ஜன்னலில் முகத்தை வைத்துக் கத்தினாள். மாமனாரிடம் குரலை உயர்த்துவது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

"மாமா, கூட்டு வாயை மூடாதீங்க! மூடினா அதுங்க உள்பக்கமா அரிச்சுக்கிட்டு வரும்! சாயங்காலம் கூடு அடங்கினதும் வாயில மருந்துத்தூள் ஊதணும். எங்க அண்ணன் அப்படித்தான் செய்வான். தூளைக் கால்ல வாரிக்கிட்டுப் போய் உள்ள எல்லாம் செத்துடும்!"

"பார்றா! குளவி டாக்டர் வந்துட்டா!" என்று ஏணி மேலிருந்து சிரித்தார் மமத்குல். "வாசலை அடைச்சா சோறில்லாம சாகப் போகுது. இதுக்குப் போயி மருந்தாம், தூளாம். நீ பிள்ளைக்குப் பால் கொடும்மா, போ."

அப்பிவிட்டார். வழித்து, தடவி, கை ரேகை தெரியாமல் மெழுகினார். வெளியே இருந்த குளவிகள் அடைபட்ட வாசலைச் சுற்றி ரீங்காரமிட்டன. அவர் இறங்கி வந்து, மண் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, தேநீர் கேட்டார். மறுநாள் காலையில் பழக்க தோஷத்தில் ஈரலையும் மாட்டினார். என்ன ஜென்மம் அப்பா இது!

மண் அப்பின அன்று ராத்திரியே சுவருக்குள் சுரண்டுகிற சத்தம் ஆரம்பித்தது. காய்ந்த காகிதத்தை யாரோ நகத்தால் கீறுவது போலிருந்தது, ஓயவே இல்லை. எலி என்றான் எல்யோர். மறுநாள் பலகையில், தொட்டிலுக்கு நேர் மேலே, மங்கலான ஒரு கறை தெரிந்தது. ஈர ஓதம் என்றான் எல்யோர். கறை உள்ளங்கை அளவு ஆயிற்று. கும்ரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு விரலை அதன் மேல் வைத்தாள். சூடாக இருந்தது. ஓதம் பிடித்த சுவர் சுடுமா? கொதிக்கிற நெற்றியைத் தொட்டது போல வெதுவெதுவென்று, விரலுக்கடியில் நடுங்கிக்கொண்டு, கொஞ்சம் அமிழவும் செய்தது. குளவி உள்ளேயிருந்து பலகையை அரித்ததில் மிச்சம் இருந்தது பூச்சும் காகிதமும்தான். அவள் விரலைப் பிடுங்கிக்கொண்டு பாவாடையில் தேய் தேய் என்று தேய்த்தாள். உடம்பெல்லாம் புழு ஊர்ந்தது.

"ஏங்க, தொட்டுப் பாருங்க. ஒரே ஒரு தடவை தொட்டுப் பாருங்க."

"எதுக்குடி இப்படிப் பதர்றே? அப்பாகிட்ட சொல்றேன். அவர் வந்து பார்ப்பார்."

"அப்பாகிட்ட சொல்லுவாராம்! பெத்தது நீங்களா, உங்க அப்பாவா?"

எல்யோருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அப்பாவிடம்தான் போனான். நல்ல பிள்ளை!

இனி யாரையும் நம்பிப் பிரயோஜனமில்லை என்று கும்ரிக்குத் தெரிந்துவிட்டது. மத்தியானத் தொழுகைக்கு ஹாஜர் அத்தை எழுந்துபோன சமயத்தில், வியர்த்து வழிய, தொட்டில் பட்டைகளை அவிழ்த்தாள். வாயிலிருந்த கொழுப்பு முடிச்சைப் பிடுங்கி எறிந்தாள். தொட்டிலைக் காலியாக விட்டால் அத்தை அடுத்த நொடியே கண்டுபிடித்துவிடுவாள். காலித் தொட்டில் ஆகாது என்பது வேறு. மூலையில் எல்யோர் வாங்கி வைத்திருந்த நீளமான முலாம்பழம் ஒன்று கிடந்தது. அதைப் பிள்ளையின் துணியில் சுற்றித் தொட்டிலில் படுக்க வைத்து, பட்டையைக் கட்டி, மேலே எல்லாத் துணியையும் போர்த்தினாள். பிள்ளையை மார்போடு அணைத்து, முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு, முற்றத்து மூலையில் ரொட்டி அடுப்பு இருந்த கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தாள். சில்லா முறிந்தது. முறிந்தால் முறியட்டும்.

அத்தை தொழுதுவிட்டு வந்தாள், கும்ரி பின்கட்டுக்கு ஒதுங்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். தொட்டிலை ஆட்டினாள். பாட்டுக்கூடப் பாடினாள். "எங்கண்ணு எவ்வளவு சமத்தாத் தூங்குறான்! சிணுங்கலாவது, அழுகையாவது!" என்று அவள் முலாம்பழத்தைக் கொஞ்சுவது கொட்டகை வரைக்கும் கேட்டது. கும்ரிக்குச் சிரிக்கவும் தோன்றவில்லை.

அப்போதுதான் மமத்குல் கடையிலிருந்து எழுந்து வந்தார். பின்னாலேயே எல்யோர். மமத்குல்லின் ஏப்ரனில் ரத்தம், முகத்தில் கோபம்.

"எங்கடா அந்தக் கறை? இந்த வீட்டுச் சுவத்தைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்குறாளா அவ?" என்று படியேறியபடியே முழங்கினார். "ஓதத்துக்கும் குளவிக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்?"

"மாமா, தொடாதீங்க!" என்று கும்ரி கொட்டகையிலிருந்து கத்தினாள். கேட்டிருந்தாலும் அவர் நிற்கிற ஆளா? உள்ளே போனார். கட்டை விரலைக் கறையின் நடுவில் வைத்து, "இந்தா பாரு, ஓதம்" என்று அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. கையும் போயிற்று.

முதலில் அத்தை வெளியே வந்தாள். தலைத்துணி இல்லாமல், செருப்பில்லாமல், "யா அல்லா, யா அல்லா" என்று அலறிக்கொண்டு முற்றத்தின் அடுத்த கோடிக்கு ஓடினாள். அந்த வயசில் அந்த ஓட்டம்! அவள் பின்னால் எல்யோர் கழுத்தை அறைந்துகொண்டு குதித்தான். அவர்கள் பின்னால், கதவு வழியே, குப்குப்பென்று குளவி. மாமனார் மட்டும் வரவில்லை.

"அப்பா!" என்று எல்யோர் கத்தினான். "அப்பா, வெளியே வாங்க!"

"பிள்ளைடா! பிள்ளை கட்டிக் கிடக்குடா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அப்புறம் குரல் துணிக்குள் அமுங்கிவிட்டது.

கும்ரி பிள்ளையோடு முற்றத்தின் நடுவுக்கே வந்துவிட்டாள். ஜன்னல் வழியே தெரிந்தது. அவர் தொட்டிலின் மேல் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு கிடந்தார். முகத்தைத் துணியில் புதைத்து, முதுகைக் கொடுத்துவிட்டார். முதுகு, கழுத்து, வழுக்கை எல்லாம் மஞ்சளும் கறுப்புமாக மொய்த்திருந்தது. காலையில் கொக்கியில் ஈரல் தொங்குகிற மாதிரியே இருந்தது.

"மாமா! பிள்ளை என்கிட்ட இருக்கு! அதுல பிள்ளை இல்லை! வாங்க மாமா, வந்துடுங்க!" அவள் தொண்டை கிழியக் கத்தினாள். அந்த இரைச்சலில் அவருக்கு என்ன கேட்கும்?

எல்யோர் போர்வையைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே பாய்ந்தான். நல்ல பிள்ளை என்று மேலே கேலியாகச் சொன்னேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக அதை நிஜமாகவே சொல்லலாம். அப்பாவை இழுத்தான். அப்பா தொட்டிலை விடவில்லை. ஆகவே தொட்டிலும் சேர்ந்து வந்தது. படியில் இடறி, தொட்டில் கவிழ்ந்து, பட்டை அறுந்து, முலாம்பழம் உருண்டோடி முற்றத்தின் நடுவில் இரண்டாகப் பிளந்தது. குளவியில் பாதி மனிதர்களை விட்டுவிட்டு அதன் மேல் போய் உட்கார்ந்தது.

"முலாம்பழத்துக்கா நான் தாலாட்டுப் பாடினேன்?" என்றாள் ஹாஜர் அத்தை.

டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். பிழைத்துக்கொள்வார், எருமை உடம்பு என்றார். கூடத்தில் மெத்தைகளின் மேல் சாய்ந்திருந்த மமத்குல்லைப் பார்க்கச் சகிக்கவில்லை. முகம் ஊறிய தோலைப் போல உப்பி, கண் இரண்டும் வெறும் கோடாக மூடி, உதடு வெளியே பிதுங்கி எச்சில் ஒழுகியது. கும்ரி தயிரை எடுத்து அந்த முகத்தில் தடவினாள். தொடும்போதெல்லாம் அந்தக் கறை ஞாபகம் வந்தது. அதே சூடு, அதே அமிழ்கிற மெதுமை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தடவினாள்.

"எங்க?" என்றார் அவர். வீங்கின நாக்கில் வார்த்தை குழறியது.

"இங்கதான் இருக்கான் மாமா. ஒண்ணும் ஆகலை. நான் அப்பவே வெளியே எடுத்துட்டேன்."

"பொய் சொல்லாதே. எல்லாரும் சேர்ந்து பொய் சொல்றீங்க. பார்க்க முடியலைன்னு ஏமாத்துறீங்க. கொடு இங்க."

கும்ரி சஞ்சரை அவர் மடியில் வைத்தாள். அந்தக் கை தடுமாறிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு விரலும் ஒரு கொழுக்கட்டை. குழந்தையின் நெற்றியில் ஊர்ந்தது, மூடிய இமைகளில், மூக்கில், கன்னத்தில், காது மடலுக்குப் பின்னால்கூட. ஒரு தடிப்பாவது தட்டுப்படுகிறதா என்று தேடியது. கடைசியில் உதட்டைத் தொட்டது. குழந்தை அந்த விரலைப் பற்றி வாய்க்குள் இழுத்துச் சப்பத் தொடங்கியது.

ஈரல் நாற்றம் குப்பென்று வந்தது. கும்ரியின் கை தானாகவே பிள்ளையைப் பிடுங்க நீண்டது. அவள் கையை மடக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லை" என்றார் மமத்குல். கோடாகிப்போன கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தயிரோடு கலந்தது. "ஒண்ணுமே இல்லைம்மா. வழவழன்னு இருக்கான்."

"ஆமா மாமா" என்றாள் அவள்.