அரை சென்ட்டுக்கு ஒரு பால்கனி

எங்கள் குடியிருப்பில் டுவெய்ன் ஹால்வர்சனைக் கேட்காமல் யாரும் உல்லாசக் கப்பலுக்கு முன்பதிவு செய்வதில்லை. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும்தான் இங்கே வீடு. காரை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் போர்ட் கனாவரல் துறைமுகம் வந்துவிடும். கையில் ஓய்வூதியம் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் ஒஹாயோவில் இருக்கிறார்கள், வேறு என்ன செய்வது, கப்பலில் ஏறுவதும் இறங்குவதுமாகப் பொழுது போகிறது. யார் வீட்டு ஃபிரிட்ஜைப் பார்த்தாலும் கேபின் கதவில் ஒட்டுகிற காந்தப் பொம்மைகள், அடுத்த பயணத்துக்குத் தயாராக.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிளப் ஹவுஸில் டுவெய்ன் வகுப்பு எடுப்பார். கப்பல் கம்பெனியின் கிரெடிட் கார்டில் சேரும் பாயிண்டுகளை வீணாக்காமல் செலவழிப்பது எப்படி என்பது பாடம். அவர் கணக்கில் மனிதர்கள் மூன்று சாதி. பாயிண்டைக் காசாக மாற்றிக்கொள்பவன் மடையன், அவனுக்குப் பாயிண்டுக்கு அரை சென்ட்தான் தேறும். கப்பலில் குடிக்கவும் மசாஜுக்கும் கழித்துக்கொள்பவன் சுமாரான ஆள், அவனுக்கு ஒரு சென்ட். மலைபோலச் சேர்த்துவைத்து, கூட்டம் முட்டி மோதும் வாரமாகப் பார்த்து, விலை எகிறிக் கிடக்கும்போது பால்கனி அறையை இலவசமாகத் தட்டிக்கொண்டு போகிறவன்தான் புத்திசாலி. அவனுக்குப் பாயிண்டுக்கு இரண்டு சென்ட் வரை கிடைக்கும். பின்வரிசைக் கிழவர்கள் கைதட்டுவார்கள். தேவாலயத்தில் பாதிரியாருக்குக்கூட இந்தக் கவனிப்பு இல்லை.

பாயிண்ட் சேர்ப்பதில் அவருக்கு வெட்கமே கிடையாது. பத்துப் பேராக ஓட்டலுக்குப் போனால் பில்லைத் தன் கார்டில் கட்டிவிட்டு எல்லாரிடமும் ரொக்கமாக வாங்கிக்கொள்வார். என் கணவர் ஹாரல்ட் இறந்தபோது சவப்பெட்டிக் கடையில் என் பக்கத்தில் நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். அழுதுகொண்டே, "ஆர்டித், இதை என் கார்டுல போட்டுடட்டுமா? நீ எனக்கு செக்கா குடுத்துடு" என்றார். எனக்கு அப்போது கோபம் வரவில்லை, பிறகுதான் வந்தது. ஹாரல்டைப் புதைத்ததில் டுவெய்னுக்கு ஒரு நல்ல பாட்டில் ஒயின் அளவுக்குப் பாயிண்ட் ஏறியிருக்கும்.

இவ்வளவு சேர்த்த மனுஷன் தன் மனைவி மார்லிஸை எந்த அறையில் கூட்டிப்போவார் என்று நினைக்கிறீர்கள்? உள்பக்க அறை. கப்பலின் வயிற்றுக்குள், ஜன்னலே இல்லாமல், விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாத அறை. தூங்கத்தானே போகிறோம் என்பார். பால்கனி அறைக்குக் காசு கொடுப்பது பாவம், அதைப் பாயிண்டில்தான் வாங்க வேண்டும், பாயிண்டில் வாங்குவதென்றால் உச்ச விலையில்தான் வாங்க வேண்டும். போன வருஷம் கிறிஸ்துமஸ் வாரத்தில் போகலாம் என்றார். கிறிஸ்துமஸ் வந்தபோது ஈஸ்டருக்கு இன்னும் ஏறும் என்றார். ஈஸ்டருக்கு ஏறியது, ஆனால் அவர் மனசில் வைத்திருந்த அளவுக்கு ஏறவில்லை.

மார்லிஸ் இதற்கெல்லாம் வாய் திறக்காதவள். கதவில் காந்தப் பொம்மை ஒட்டுவாள், துண்டில் குரங்கு செய்துவைக்கும் கேபின் பையனுக்கு டிப்ஸ் கொடுப்பாள், திரும்பி வருவாள். எத்தனையோ தடவை கடலில் தூங்கியிருக்கிறாள், ஒரு தடவைகூடக் கண் விழித்ததும் கடலைப் பார்த்ததில்லை.

செப்டம்பர் கடைசியில் அவளைக் கண் டாக்டரிடம் நான்தான் காரில் கூட்டிப்போனேன். கண்ணில் ஊசி போட்டுக்கொள்ளும் நாளில் அவளால் ஓட்ட முடியாது, டுவெய்னுக்கு வகுப்பு நாள். திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். பாலத்தின் மேல் ஏறியதும் சொன்னாள். பார்வையின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறதாம். ஊசி அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. அடுத்த வசந்தத்துக்குள் எதிரில் நிற்பவர் முகம் தெரியாமல் போகலாம், ஓரங்கள் மட்டும் மிஞ்சும்.

காரை ஓரம் கட்டலாமா என்று கேட்டேன். வேண்டாம், ஐஸ்கிரீம் உருகிவிடும் என்றாள். பின்சீட்டில் வாங்கிய சாமான் இருந்தது உண்மைதான். இருந்தாலும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஆர்டித். படுக்கையில இருந்து எழுந்திருக்கும்போது எதிர்ல கடல் இருக்கணும். சூரியன் வர்றத முழுசாப் பார்க்கணும். ஓரத்துல இல்ல, நடுவுல."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது டுவெய்னிடம் கேட்டிருக்கிறாள், இந்த அக்டோபரிலேயே பால்கனி அறையில் போகலாமா என்று. மறுநாள் எனக்குச் சொன்னாள். அவர் ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைத் தடவிக்கொடுத்தாராம். அக்டோபர் புயல் மாதம், பள்ளிக்கூடம் நடக்கிற மாதம், விலை தரையில் கிடக்கும், அப்போது போய்ப் பாயிண்டைக் கொட்டுவதா? உனக்கு நான் மட்டமானதைக் கொடுக்க மாட்டேன் செல்லம், கிறிஸ்துமஸ் வரை பொறு என்றாராம். டாக்டர் சொன்னதைச் சொன்னதற்கு, டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள், இன்னொருவரிடம் காட்டலாம் என்றாராம். சொல்லிவிட்டு மார்லிஸ் சிரித்தாள். அவர் அவளை நேசிக்கிறார், அதில் சந்தேகமே இல்லை, அதனால்தான் எனக்கு அவர் கழுத்தைத் திருக வேண்டும்போல இருந்தது.

"அந்தப் பாயிண்டெல்லாம் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டேன்.

இந்த இடத்தில் டுவெய்னின் மூளையைப் பாராட்ட வேண்டும். இரண்டு வருஷம் முன்பு அவர் வகுப்பில் ஒரு புது வித்தை சொல்லிக்கொடுத்தார். கணவனிடம் கார்டு இருந்தால் மனைவி பெயரில் தனியாக இன்னொன்று வாங்கு, புது ஆளுக்குக் கம்பெனி கொடுக்கும் வரவேற்புப் பாயிண்ட் மொத்தமும் உனக்கு. எல்லாரும் வாங்கினார்கள், ஹாரல்ட் போய்விட்டதால் எனக்கு மட்டும் ஜோடி சேர்க்க ஆள் இல்லை. டுவெய்ன் அதற்கு மேலும் ஒரு படி போனார். இலவசப் பால்கனி அறைக்கு ஒரே கணக்கில் அத்தனை பாயிண்டும் இருக்க வேண்டும் என்று, தன் கணக்கில் இருந்ததை எல்லாம் மார்லிஸின் கணக்குக்கு மாற்றிவிட்டார். மாற்றினால் மாற்றியதுதான், திரும்ப எடுக்க முடியாது. மின்சாரக் கட்டணம், பல் வைத்தியம், என் ஹாரல்டின் சவப்பெட்டி, எல்லாம் இப்போது மார்லிஸ் ஹால்வர்சனின் பெயரில் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டதோடு சரி, அந்தக் கணக்கைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

என் சமையலறையிலிருந்துதான் மார்லிஸ் கார்டு கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசினாள். நான் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இலவச அறைக்கான சீட்டு வந்துசேர ஆறு வாரம் ஆகும், பத்து நாளில் கிளம்பும் கப்பலுக்கு அது ஆகாது என்றது எதிர்முனைப் பெண் குரல். இப்போதே கார்டில் டிக்கெட் வாங்கி, அந்தக் கட்டணத்தைப் பாயிண்டால் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிக் கழித்தால் பாயிண்டுக்கு அரை சென்ட்தான் வரும். அந்தப் பெண் நல்லவள், மூன்று தடவை எச்சரித்தாள்.

"மேடம், இதுல உங்களுக்கு ரொம்ப நஷ்டம். கொஞ்சம் காத்திருந்தா நாலு மடங்கு கிடைக்கும்."

"தெரியும்மா. எங்க வீட்டுக்காரர் இதுக்கு வகுப்பே எடுக்கறாரு. நீ கழிச்சுடு."

டிக்கெட் வந்தது, பாயிண்ட் மொத்தமும் போய்விட்டது. நான் என் வாழ்க்கையில் இவ்வளவு மகிழ்ச்சியாக எதையும் வீணாக்கிப் பார்த்ததில்லை. இரண்டு பேரும் காலையிலேயே ஆளுக்கொரு கிளாஸ் ஒயின் குடித்தோம்.

டுவெய்னிடம் சொல்லும்போது என்னையும் பக்கத்தில் இருக்கச் சொன்னாள். டிக்கெட்டை மேஜைமேல் வைத்தாள், இரண்டு பேர் பெயரும் இருந்தது, பால்கனி அறை, ஐந்து நாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை, எதற்கு என்றும் கேட்கவில்லை.

"பாயிண்டுக்கு எவ்வளவு வந்துச்சு?"

"அரை" என்றாள் மார்லிஸ்.

அவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியிருக்குமோ என்று நான் பயந்தேன். பிறகு மெதுவாக, ரத்து செய்துவிடலாம், உடனே செய்தால் திரும்பக் கிடைக்கும் என்றார். ரத்து செய்ய முடியாத டிக்கெட்தான் வாங்கினேன், அதுதான் மலிவு என்று நீதானே சொல்வாய் என்றாள் மார்லிஸ். அவளிடம் ஏளனம் இல்லை, பாடத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளை ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"அரை சென்ட் பாயிண்டுல நான் கப்பல் ஏறினா கிளப் ஹவுஸ்ல எவன் என்னை மதிப்பான்? என்னால முடியாது செல்லம். அந்த ரூம்ல எனக்குத் தூக்கமே வராது."

"சரி, நீ வீட்டுலயே தூங்கு. நான் ஆர்டித்தைக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் பெயரை எடுத்து என் பெயரைப் போடக் கம்பெனி காசு கேட்கவில்லை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை வகுப்பு நடக்கவில்லை, ஆசிரியருக்கு உடம்பு சரியில்லை என்று கதவில் ஒட்டியிருந்தது.

கப்பல் கிளம்பிய சாயங்காலம் மழை. பால்கனிக் கண்ணாடியில் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மார்லிஸ் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வானிலையைத் திட்டினேன், அக்டோபரைத் திட்டினேன், டுவெய்ன் சொன்னது சரியாகிவிடுமோ என்ற பயத்தில் அவரையும் சேர்த்துத் திட்டினேன். அவள் என்னைப் பேசாமல் தூங்கச் சொன்னாள்.

விடியும்போது மழை விட்டிருந்தது. நான் கண் திறந்தபோது அவள் ஏற்கெனவே எழுந்து, தலையணையில் சாய்ந்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் முழுக்க ஈயம்போல் கிடந்தது, அடிவானத்தில் ஒரு சிவப்புக் கோடு. பால்கனிக் கதவைத் திறந்துவிட்டேன், போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

டுவெய்ன் நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்ல ஆரம்பித்தார். உள்ளூர்க்காரர்களுக்குக் கடைசி நேரத்தில் உள்பக்க அறையைக் கிட்டத்தட்ட சும்மா தள்ளிவிட்டார்களாம். அந்த விலையை விட்டால் முட்டாள்தனம். அதற்குப் பாயிண்டே தேவைப்படவில்லையாம்.

"ராத்திரி முழுக்கத் தூங்கல ஆர்டித். விளக்கை அணைச்சா ஒண்ணுமே தெரியல. எவ்வளவு நாளா அவளை இதுக்குள்ள படுக்க வெச்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன்."

அவரிடம் சொல்வதற்கென்று இத்தனை வருஷமாக நான் சேர்த்துவைத்திருந்தது நிறைய இருந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டு வழியை விட்டு நகர்ந்தேன்.

அவர் பால்கனிக்குப் போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மார்லிஸ் திரும்பிப் பார்க்கவில்லை, கையை மட்டும் நீட்டினாள், அவர் பிடித்துக்கொண்டார். சூரியன் மேலே வந்தது. முதலில் விளிம்பு, பிறகு பாதி, பிறகு முழுசாகத் தண்ணீரை விட்டுக் கழன்றது. அவள் இமைக்கக்கூட இல்லை. அவள் முகம் முழுக்க அந்த வெளிச்சம் இருந்தது. டுவெய்னின் தோள்கள் குலுங்குவது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது.

"இத்தனை தடவை வந்திருக்கோம் மார்லிஸ். நானும் இதைப் பார்த்ததே இல்ல."

அவள் சூரியனிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"நீ அப்புறம் பார்த்துக்கலாம் டுவெய்ன். உனக்கு அவசரம் இல்ல. இப்ப கொஞ்சம் பேசாம இரு."